கேட்டுவிட்டுக் குத்திய காது

1

நான் ஒரு கூமுட்டை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டு போகும்போது நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். நாலு வயதுப் பிள்ளையிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொன்னதும் திருதிருவென்று விழித்த ஆள் நான். கேள்வி கேட்டால் பதில் வரும் என்பது, படித்துப் பட்டம் வாங்கிக் கடல் தாண்டிப் போய், டென்மார்க்கில் காற்றாலை இறக்கைகளுக்குத் தரச் சான்று கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை என் தங்கை மலர் செட்டிகுளத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். போன வருடம் இதே நாளில் எடுத்தது. முருகன் கோயில் குன்றின் அடிவாரம், பந்தல், தாய்மாமன் சீர் வரிசைத் தட்டுகள். நடுவில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவள் மகள் கயல். அவளை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு மொட்டைத் தலை. அது நான். படத்தின் கீழே மலர் எழுதியிருந்தாள்: "ஒரு வருசம் ஆச்சுண்ணே. எவ்ளோ அழகா இருக்கு பாரு."

அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்தவர் சரியான நொடியில் எடுத்திருந்தார். அடுத்த நொடியில் எடுத்திருந்தால் யாரும் அதைப் பகிர்ந்திருக்க மாட்டார்கள்.

2

இங்கே என் மகன் செழியன் போகிற பாலர் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கச் சொல்லித்தருவதில்லை. மழையில் விடுகிறார்கள். மரம் ஏற விடுகிறார்கள். மண்ணைத் தின்றால் "சுவை எப்படி?" என்று விசாரிக்கிறார்கள். முதல் வாரம் முழுக்க, "இவனுங்க எப்பதான் பாடத்த ஆரம்பிப்பானுங்க?" என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே கிர்ஸ்டன் என்று ஒரு ஆசிரியை. ஒரு நாள் ஒரு பொடியனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கிர்ஸ்டன் அவன் முன்னால் மண்டியிட்டு, காகிதத்தைக் காட்டி, "துடைக்கலாமா?" என்றாள். அவன் "வேண்டாம்" என்றான். நம்மூராக இருந்தால் அந்தச் சொல் முடிவதற்குள் முந்தானை மூக்கில் ஏறியிருக்கும். கிர்ஸ்டன் காத்திருந்தாள். சளி உதட்டுக்கு வந்தது. அப்போதும் காத்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை துறுதுறுத்தது. கடைசியில் அவனே காகிதத்தை வாங்கித் துடைத்து, பாதியைக் கன்னத்தில் இழுவி, வெற்றிப் புன்னகையோடு ஓடினான்.

என்னையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். மொழியைப் பொறுத்தவரை நானும் இங்கே பாலர் பள்ளிதான். ஒரு நாள், செழியன் தன் பூட்ஸைத் தொலைத்துவிட்டான் என்று சொல்ல நினைத்து, தின்றுவிட்டான் என்று சொல்லிவைத்தேன். கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. "இரண்டையுமா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு, நான் வேறு சொல்லைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும்வரை பொறுமையாக நின்றாள். இந்த நாட்டில் எத்தனையோ பேர் என் வாக்கியத்தைப் பாதியிலேயே பிடுங்கித் தாங்களே முடித்துவிடுவார்கள். அவள் முடிக்க விட்டாள். அன்று நான் அரை அங்குலம் வளர்ந்த மாதிரி உணர்ந்தேன்.

இன்னொன்றும் அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிடிக்காததை யாராவது செய்தால் அழ வேண்டாம், அடிக்க வேண்டாம்; உள்ளங்கையை முன்னால் நீட்டி "நிறுத்து" என்று சொன்னால் போதும். கை நீட்டினால் எதிராளி நிறுத்திவிட வேண்டும். நிறுத்தவும் செய்கின்றன அந்த வாண்டுகள்.

நான் வளர்ந்த அரியலூர்ப் பக்கத்திலும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார்கள். "அடி வேணுமா?", "தோல உரிக்கட்டுமா?", "காது கேக்குதா, கேக்கலியா?" எல்லாமே கேள்விகள்தான். ஒரு முறை அப்பா "அடி வேணுமாடா?" என்றபோது, நேர்மையாக யோசித்து, "வேணாம்ப்பா" என்றேன். "பதிலு வேற பேசுறியா?" என்று சேர்த்து விழுந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டுத் தூக்கமில்லாமல் வந்தவர்; அவரைக் குறை சொல்லவில்லை. பதில் தேவைப்படாத கேள்விகளின் நடுவே வளர்ந்தவன் நான் என்பதற்காகச் சொன்னேன்.

3

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் சும்மா இருப்பானா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகளாகப் போட்டுத் தாளித்தேன். குழந்தையைக் கேட்காமல் தூக்காதீர்கள், கேட்காமல் முத்தம் கொடுக்காதீர்கள், கேட்காமல் ஊட்டாதீர்கள். மலர் ஒரே வரியில் பதில் போட்டாள்: "வந்துட்டாருய்யா டென்மார்க் டாக்டரு." அவள் வீட்டுக்காரர் ரவி சின்ன வெங்காயம் போடுகிறவர். "மச்சான், வெங்காயத்தக் கேட்டுட்டுதான் புடுங்கணுமா?" என்று கேட்டார்.

ஆனால் கயல் மாத்திரம் என் கட்சிக்கு வந்துவிட்டாள். வீடியோவில் அழைத்தால் முதலில், "கயலு, மாமா இப்ப பேசலாமா? இல்ல நீ விளையாடணுமா?" என்று கேட்பேன். அவள் நெற்றியைச் சுருக்கி, பெரிய அதிகாரி மாதிரி யோசித்து, "ம்... பேசு" என்பாள். சில நாள், "இப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நான் வைத்துவிடுவேன். அவளுக்கு அது பெரிய அதிசயம். அந்த வீட்டிலேயே அவள் "வேணாம்" சொன்னால் கேட்கிற ஒரே ஆள், பனியில் உட்கார்ந்திருக்கிற இந்த மாமன்தான்.

அவளுக்குக் காதுகுத்து பாக்கி இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஒரு வயதில் முடித்திருக்க வேண்டியது. இங்கே என் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப் போய், "பரிசீலனையில் உள்ளது" என்கிற பதிலோடு கிடந்தது. அட்டை வராமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர முடியாது. அட்டை வந்தபோது வேலை மாறியிருந்தேன், மறுபடி பரிசீலனை. மலர் ஒவ்வொரு தையிலும் கேட்பாள். நான் ஒவ்வொரு தையிலும், "அடுத்த தை" என்பேன். இப்படியே கயலுக்குப் பல் முளைத்தது, நடந்தாள், பேசினாள், கதை சொல்ல ஆரம்பித்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது குத்தியிருந்தால் வீறிட்டுவிட்டு மறந்திருப்பாள். என் தாமதத்தில் அவள் தெளிவாக மறுப்புச் சொல்லத் தெரிந்த ஒரு மனுஷியாகிவிட்டாள்.

4

ஒரு வழியாகப் போய் இறங்கினோம். பேச்சு தொடங்கிய உடனே கயல் அறிவித்துவிட்டாள், காது குத்திக்கொள்ள மாட்டேன் என்று. ரவி அதட்டினார். மலர் கெஞ்சினாள். பாலர் வகுப்புத் தோழி தோடு போட்டிருப்பதைக் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மலர் என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் பெரிய டாக்டராச்சே. கேட்டுச் சொல்லேன் பாப்போம்."

வெங்காயத்தைக் காற்றாட அடுக்கி வைத்திருக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் கயலோடு மண்டியிட்டு உட்கார்ந்தேன். கிர்ஸ்டன் பாணி. முதலில் மொட்டை பற்றிக் கேட்டேன். அவள் யோசித்தாள்.

"நீயும் போடுவியா?"

"நானா?"

"நீ போடலன்னா எனக்கும் வேணாம்."

போட்டுக்கொள்கிறேன் என்றேன். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அங்கே குளிர்காலம், நான் ஆப்பிள் மாதிரி போய் இறங்கப்போகிறேன். ஆனால் பாருங்கள், ஒப்பந்தம் ஆகிவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில்தான் காதுப் பேச்சையும் எடுத்தேன்.

"வலிக்குமா?" என்றாள்.

"கொஞ்சூண்டு வலிக்கும். எறும்பு கடிச்ச மாரி."

"ரொம்ப வலிச்சா?"

"ரொம்ப வலிச்சா போதும்னு சொல்லு. அப்பவே நிறுத்திரலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. அதற்காகத்தான் இன்னும் அதிகமாக வெட்கப்படுகிறேன். அவள் போதும் என்று சொல்லக்கூடும் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியம் செய்தபோது என் மனதில் இருந்ததெல்லாம், குழுவில் அடுத்து போடப்போகும் குரல் பதிவுதான்.

மறுநாள் குன்றடிவாரத்தில் இரண்டு மொட்டைகள் ஆயின. கயல் என் தலையைத் தடவிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். மேளம் வாசித்தார்கள். என் மடியில் தானாக வந்து உட்கார்ந்தாள். யாரும் பிடிக்கவில்லை. நகை ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைத்தபோதும் அசையவில்லை. "இப்புடி ஒரு புள்ளைய நான் பார்த்ததில்லைங்க" என்றார் அவர். நான் மலரை ஒரு பார்வை பார்த்தேன். எப்படி என் வித்தை என்கிற பார்வை. அந்த நேரத்தில் எடுத்ததுதான் இன்று வந்த படம்.

ஆசாரி வலது காதில் குத்தினார்.

கயல் கத்தவில்லை. உடம்பு ஒரு தரம் உதறியது. கண்ணில் தண்ணீர் பொங்கியது. என் பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மாமா, போதும். நிறுத்திரு."

அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். திமிறியிருந்தால் பிடிவாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் மரியாதையாக, தெளிவாகச் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது கம்பியைத் தயாராக வைத்துக்கொண்டு ஆசாரி காத்திருந்தார். வீடியோக்காரர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். அரும்பாவூரிலிருந்து வேன் வைத்து வந்த சொந்தக்காரர்கள், சாப்பாட்டுப் பந்தியில் இலை போடும் ஆட்கள், எல்லாருடைய கண்ணும் என் மேல்.

"ஒரு காதோடயா விட முடியும்? புடிங்க மச்சான்" என்றார் ரவி.

நான் பிடித்தேன். இடது கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்து அமுக்கி, வலது கையால் அந்த மொட்டைத் தலையை என் நெஞ்சோடு இறுக்கினேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே. முடியவில்லை, இனிமேல்தான் குத்த வேண்டும். சத்தியம் அந்த நொடியில் பொய்யாகியிருந்தது; இது இரண்டாவது பொய்.

"தாய்மாமன் புடின்னா இதுதான்யா புடி!" என்று யாரோ பாராட்டினார்கள்.

அப்போதுதான் செழியனைப் பார்த்தேன். கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, உள்ளங்கையை என்னை நோக்கி நீட்டியிருந்தான். டேனிஷில் அந்த ஒரே சொல்லை மறுபடி மறுபடி கத்திக்கொண்டிருந்தான். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டாலும் புரிந்திருக்காது. அந்தக் கையை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

"அடேங்கப்பா, ஆசீர்வாதம் பண்றாரு பாருங்க சின்ன முருகன்!" என்று ஒரு அத்தை கும்பிட்டாள். இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். வீடியோக்காரர் விளக்கை அவன் பக்கம் திருப்பினார்.

நிறுத்தச் சொல்கிறான் என்று தெரிந்தவன் அந்தப் பந்தலில் நான் ஒருத்தன்தான். நிறுத்தாதவனும் நான்தான்.

5

திரும்பி வந்ததும் செழியன் பள்ளியில் சொல்லிவிட்டான். காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து விடுமுறைக் கதை சொல்வார்களாம். மற்றவர்கள் பனிச்சறுக்கு, பாட்டி வீட்டு நாய் என்று சொல்லியிருக்கிறார்கள். இவன், "கயல் நிறுத்து என்றாள், அப்பா நிறுத்தவில்லை" என்றிருக்கிறான்.

கிர்ஸ்டன் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், ஊரில் என்ன நடந்தது என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? வருடக்கணக்காக மொழி வகுப்புக்குப் போன நான், கைகளை விரித்து, "மொழி... புரியவில்லை" என்றேன். பூட்ஸைத் தின்ற கதையை விளக்கும் அளவுக்கு மொழி தெரிந்தவன்தான். இதற்கு மட்டும் திடீரென்று வாய் அடைத்துவிட்டது.

அவள் என் மேல் சந்தேகமே படவில்லை. "மன்னியுங்கள், நான் யோசித்திருக்க வேண்டும்" என்று சொல்லி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் ஏற்பாடு செய்தாள். அழைப்புக்கு இரண்டு நாள் இருந்தது. அரசாங்கத்திலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்மவர்கள் பேசிக்கொள்ளும் கதைகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

அழைப்பில் வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். குரலில் நல்ல கனிவு.

"வணக்கம் தம்பி. ஆசிரியை கேக்கிறா, அண்டைக்குப் பிள்ளை வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் நீங்கள் அமத்திப் பிடிச்சனீங்களோ எண்டு."

நான் வழக்கம், பண்பாடு, தாய்மாமன், சீர் வரிசை, முருகன் என்று ஒரு பெரிய உரை ஆற்றினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அது விளங்குது தம்பி. அவவுக்கு நான் ஓம் எண்டு சொல்லட்டோ, இல்லை எண்டு சொல்லட்டோ?"

நக்கலே இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"ஆமாம்னு சொல்லிருங்க" என்றேன். அறையில் கிர்ஸ்டன் எனக்கு எதிரே தாழ்வான குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நானும் அப்படி ஒன்றில்தான். முழங்கால்கள் காதைத் தொட்டன. அந்தக் கோலத்தில் தாய்மொழியில் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கிர்ஸ்டன் திட்டவில்லை. புகார் எழுதவில்லை. செழியன் இரவில் சரியாகத் தூங்குகிறானா என்று கேட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அந்த அம்மா அதைத் தமிழில் சொன்னார்:

"அந்தப் பிள்ளை இப்ப உங்களோட கதைக்கிறாவோ?"

கதைக்கவில்லை. காதுகுத்து முடிந்த நாளிலிருந்து கயல் என்னிடம் பேசவில்லை. அழைத்தால் மலரின் முகம் வரும், ரவியின் வெங்காய விலைப் புலம்பல் வரும். "கயலு, மாமாடி" என்று கூப்பிட்டால் பின்னால் ஒரு பாவாடை ஓடி மறையும். "வெக்கப்படுறாண்ணே" என்பாள் மலர். வெட்கம் அவளுடையது அல்ல.

செழியனிடம் மட்டும் பேசுவாள். அவனுக்குத் தமிழ் தேய்ந்துகொண்டே வருகிறது. அவளுக்கு டேனிஷ் தெரியாது. அவன் ஒரு பொம்மை லாரியைக் காட்டுவான். அவள் ஒரு கன்றுக்குட்டியைக் காட்டுவாள். அவன் உள்ளங்கையை நீட்டுவான், அவளும் நீட்டுவாள். இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் அறைக்குள் நுழைந்தால் திரையில் அந்தப் பக்கம் காலியாகிவிடும்.

செழியனும் மாறிவிட்டான். நான், "நகம் வெட்டலாமா?" என்று கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறான்.

"அப்பா, இது நிஜக் கேள்வியா?"

அவன் கேட்ட பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். என் கேள்விகளில் முக்கால்வாசி, உறை மாற்றிய உத்தரவுகள். என் அப்பா "அடி வேணுமா?" என்று கேட்டார், நான் தேனில் குழைத்து, "பல் தேய்க்கலாமா செல்லம்?" என்று கேட்கிறேன். இரண்டிலும் பதிலுக்கு இடமில்லை. அப்பாவின் கேள்வியில் அது முதலிலேயே தெரியும். என் கேள்வியில் நம்பிக் கை நீட்டிய பிறகுதான் தெரியும். தடுப்பூசி மாதிரி, போட்டே ஆக வேண்டியது என்றால், "போடப்போகிறோம், வலிக்கும், நான் கூடவே இருப்பேன்" என்று சொல்லிவிட வேண்டியதுதான். அது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டுவிட்டு மீறுவதுதான் மரியாதைக் குறைவு. இதை நான் குடும்பக் குழுவில் குரல் பதிவாகப் போடவில்லை.

6

படம் வந்ததைச் சாக்காக வைத்து இன்று மதியமே மலரை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு. மலர் வேறு சேதியோடு காத்திருந்தாள். அவளுக்கு இப்போது கைக்குழந்தை ஒன்று இருக்கிறது, ஆண் பிள்ளை. அவனுக்கும் காதுகுத்து.

"இந்த மாசியிலயே முடிச்சிரணும்ணே. இவன் வாய் தொறந்து பேசுறதுக்குள்ள நீ வந்து சேரு. போன தடவ மாரி இழுத்தடிக்காத."

"டிக்கெட் போட்டாச்சு" என்றேன். உண்மையிலேயே போட்டிருந்தேன். "கயலக் கொஞ்சம் கூப்புடு. ஓடுனா புடிச்சு இழுக்காத. வந்தா வரட்டும்."

"எல்லாம் எப்பவோ மறந்துருப்பா. புள்ளைங்களுக்கு என்னண்ணே தெரியும்? ஏ கயலு!"

அவள் வந்தாள். நானே எதிர்பார்க்கவில்லை. முடி வளர்ந்து இரட்டைச் சடை போட்டிருந்தாள். இரண்டு காதிலும் தோடு. போனைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு மலர் அடுப்படிக்குப் போனாள்.

"செழியன் எங்க?" என்றாள் கயல்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கான்மா. நீ மாமாகிட்ட கொஞ்ச நேரம்..." பேசலாமா என்று கேட்க வந்து நிறுத்திக்கொண்டேன். "நான் ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு வச்சிடுறேன்."

அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்து வெங்காயச் சருகை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ போதும்னு சொன்ன. நிறுத்துறேன்னு நான் சத்தியம் பண்ணியிருந்தேன். நிறுத்தல. எல்லாரும் பாக்குறாங்கன்னு பயந்துட்டேன். தப்பு என் பேர்லதான்."

சருகு காற்றில் பறந்தது. அவள் அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல், ஏதாவது பேசியே தீர வேண்டும் என்கிற என் பழைய வியாதி எழுந்தது. குரலில் தேனைக் குழைத்தேன்.

"கயலு, மாசிக்கு மாமா உங்க வூட்டுக்கு வரலாமா?"

"எப்புடியும் வரத்தானே போறீங்க."